காட்டாத வீட்டுக்குத் தரகு

பொய் சொல்லத் தெரியாத மனுசனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி களவாக வீடு வாங்கப் புறப்பட்டால் என்ன பாடு படுவாள் என்று என்னைக் கேளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் அந்தப் பாட்டை நான் பட்டேன். நினைத்தால் இன்றும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் வெடிக்கட்டுகளுக்கு லேபிள் அடிக்கும் மெஷின்மேன். காலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் வருவார். வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா கிணற்றுக் கயிற்றைக் கழற்றித் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வாள். காலையில் இரண்டு குடம், சாயங்காலம் ஒரு குடம். அதுவும் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிதண்ணீருக்கு நான் மூன்று தெரு நடந்தேன். சொந்த வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, என் கையில் என் கயிறு. அந்த நாளில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

வீடு பார்க்க ஒரு தரகரைப் பிடித்தோம். அவர் வத்தல் மிளகாய்த் தரகர். மிளகாய் வரத்து குறைந்த மாதங்களில் வீடும் பேசுவார். எல்லாரும் அண்ணாச்சி என்பதால் நாங்களும் அண்ணாச்சி என்றோம். முதல் நாளே வெற்றிலையை நீட்டி, "எந்த வீடு முடிஞ்சாலும் நூத்துக்கு ரெண்டு. சம்மதமா?" என்றார். என் வீட்டுக்காரர் வாங்கி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் வெற்றிலையை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.

அண்ணாச்சி பதினோரு வீடு காட்டினார். ஒரு வீட்டுக்குள் போக அடுத்த வீட்டு அடுப்படியைத் தாண்ட வேண்டும். இன்னொன்றில் கிணறு இருந்தது, தண்ணீர் இல்லை. "மழை பேஞ்சா ஊறும்" என்றார். விருதுநகரில் மழை! நல்ல ஆளுதான்.

அப்போதுதான் ஒரு ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது நர்ஸக்கா என்னைக் கூப்பிட்டார். என் மகள் பிறந்தபோது எனக்குப் பேறு பார்த்தவர் அவர். "நான் திருச்சிக்கு மகன்கிட்ட போறேன் டீச்சரு. வீட்டை உனக்குத் தரட்டுமா?" போய்ப் பார்த்தேன். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தேன். இளநீர்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். நர்ஸக்கா சொன்ன விலை ஆறாயிரம். கையில் இருந்ததும் சீட்டுப் பணமும் சேர்ந்தால் விலைக்கும் பத்திரச் செலவுக்கும் மட்டும் சரியாக இருந்தது. தரகுக்கு நூற்றிருபது ரூபாய் வேண்டுமென்றால் என் வளையலைத்தான் வைக்க வேண்டும்.

"அவரு காட்டாத வீட்டுக்கு அவருக்கு என்னத்துக்குத் தரகு? நர்ஸக்கா விக்குறாக, நாம வாங்குறோம். நடுவுல அவரு யாரு?" என்றேன்.

"எந்த வீடு முடிஞ்சாலும்னுதான சொன்னாரு. நான் வெத்தலை வாங்கிட்டேனே."

"வாங்குனது நீங்க. நான் வெத்தலையே போடுறதில்ல."

அவர் பாயை விரித்துப் படுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாச்சிக்குத் தெரியாமல் நர்ஸக்கா வீட்டுக்குக் களவு நடைதான். ஒரு நாள் தெருமுனையில் அண்ணாச்சியின் குடை தெரிந்தது. ஐயோ ஆண்டவரே என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து எண்ணெய்க் கடைக்குள் பாய்ந்தேன். கடைக்காரர் "எம்புட்டு வேணும்?" என்றார். "அரைப் படி" என்றேன். "பாத்திரம்?" என்றார். பாத்திரம் எங்கே இருக்கிறது? நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவர் எங்களைக் கிறுக்குப் பிடித்ததுகள் என்றே முடிவு கட்டியிருப்பார்.

களவு சுலபம். விலை பேசுவதுதான் எங்களுக்கு வரவில்லை.

நர்ஸக்கா ஆறாயிரம் என்றதும் என் வீட்டுக்காரர், "என்னக்கா, தனியா இருந்து கட்டுன வீடு. ஆறாயிரத்து இருநூறா வச்சுக்குங்க" என்றார். நான் கிள்ளினேன். நர்ஸக்காவோ, "சீ, உங்கிட்டயா லாபம் பாக்கப் போறேன்? ஐயாயிரத்து எண்ணூறு குடு தம்பி" என்றார். "அது நியாயமில்லக்கா, ஆறாயிரத்து முந்நூறு." "ஐயாயிரத்து எழுநூறுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டேன்." வாங்குகிறவர் ஏற்ற, விற்கிறவர் இறக்க, இப்படி ஒரு பேரத்தை உலகத்தில் யார் கண்டது? காப்பி குடித்துவிட்டு முடியாமலே எழுந்து வந்தோம்.

வந்த பிறகு ஆளுக்கொரு சந்தேகம். எதற்கு இந்தத் தம்பி விலையை ஏத்துது, ரோடு கீடு வரப் போகுதோ என்று நர்ஸக்காவுக்கு. எதற்கு இவர் இப்படி இறக்குகிறார், வீட்டில் என்ன குறை என்று எனக்கு. அடுத்த ஞாயிறு என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, கிணத்துல யாரும் விழுந்து கிழுந்து...?"

நர்ஸக்காவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கிணத்தையா சொல்லுற? இந்தத் தெருவுல பிறந்த பிள்ளைக முக்காவாசிக்கு இந்தத் தண்ணியிலதான் முதக் குளிப்பு! வேண்டாம் டீச்சரு. சிவகாசி வெடிக் கம்பெனி முதலாளி ஒருத்தரு அட்டைப்பெட்டி போட்டு வைக்கக் கேட்டுக்கிட்டிருக்காரு. அவருக்கே குடுத்துக்கிடுறேன்."

அட்டைப்பெட்டி! அந்தக் கிணற்றடியில்! வரும் வழியெல்லாம் அழுதேன். வாசல்படி ஏறும்போது நானே சொன்னேன், "போய் அண்ணாச்சியக் கூட்டிட்டு வாங்க." அவர் அப்படி ஒரு சந்தோஷத்தோடு ஓடினார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி நர்ஸக்காவைச் சமாதானப்படுத்தி எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். "நீங்கள்லாம் வாயத் திறந்தா வெவகாரம் கெட்டுப்போவுது. இனிமே வாய்ப்பேச்சே கெடையாது" என்றார். மிளகாய்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஆனால் பொம்பளை கையைப் பிடித்து அவர் எப்படிப் பேசுவார்? தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இரண்டு கைமேலும் நர்ஸக்கா கைமேலும் போட்டார். "ஐயாயிரத்துக்கு மேல எத்தனை நூறோ அத்தனை விரலு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துண்டில் மிளகாய் நெடி. எனக்குத் தும்மல் தும்மலாக வந்தது.

நர்ஸக்கா என் விரலைத் தொடவில்லை. பழக்கதோஷம், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"என்னத்தா இது, காய்ச்சக்காரிக்குக்கூட இப்படி ஓடாதே!"

"பயமா இருக்குக்கா. வீடு போயிருமோன்னு பயமா இருக்கு. அந்தத் தண்ணி எனக்கு வேணும்க்கா."

அவர் கோபம் அதோடு போயிற்று. எட்டு விரலைத் தொட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒன்பதாவது விரலையும் நீட்டினேன். துண்டு அசைந்ததை எப்படித்தான் பார்த்தாரோ, அண்ணாச்சி திரும்பி, "டீச்சரம்மா! விரல மடக்குங்க! வாங்குறவுக வெலைய ஏத்துனா ஊருல எவன் மதிப்பான்?" என்று கத்தினார். ஐயாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது.

பத்திரம் பதிந்த அன்று, விலையில் மிச்சமான இருநூறை வீட்டு மராமத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, காலையிலேயே வளையலை அடகு வைத்து வாங்கிய நூற்றுப்பதினாறு ரூபாயைப் பதிவு ஆபீஸ் வாசலில் அண்ணாச்சியிடம் நீட்டினேன். "காட்டாத வீட்டுக்குத் தரகு கெடையாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க இல்லாட்டி இது முடிஞ்சிருக்காது. வாங்கிக்கிடுங்க" என்றேன்.

அண்ணாச்சி கையை நீட்டவில்லை. "எத்தனை தரம்மா குடுப்பீக? சாருதான் தீபாவளி சீசன் ஓவர்டைம் காசுன்னு மொதல்லயே குடுத்துட்டாரே. ஆறாயிரத்துக்கு நூத்தியிருவது. இந்தாங்க, மிச்சம் நாலு ரூவா."

அந்த நாலு ரூபாயை வாங்காமலே கேட்டேன், "என்னைக்குக் குடுத்தாக?"

"நர்ஸம்மா உங்ககிட்ட வீட்டச் சொன்ன மறுநாளே. நீங்க எண்ணெய்க் கடைக்குள்ள பூந்த அன்னைக்கு நானும் எதிர்ச் சந்துக்குள்ள பூந்துட்டேன். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னு."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த மனுசன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே எங்கூட ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தீகளா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"சொன்னா சண்டை போடுவ" என்றார். மரத்தைப் பார்த்தபடியே இன்னொன்றும் சொன்னார்: "கல்யாணமாகி ஏழு வருசத்துல அன்னைக்குத்தான் நீ தெருவுல எங்கையப் பிடிச்ச. சொல்லிட்டா விட்டுருவயேன்னு இருந்துட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். பட்டப்பகலில், அண்ணாச்சி, பத்திர எழுத்தர், ஊர் ஜனம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையைப் பிடித்தேன். வீடு வந்து சேரும் வரைக்கும் விடவில்லை.