மஞ்சள் கேட்டால் சாவி

பச்சை மஞ்சளை நசுக்கும்போது எழும் அந்த மண்வாசனை மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் அப்பாவின் வீங்கிய முழங்காலும் ஒரு பித்தளைச் சாவியும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் "தொங்கான்" என்ற சரக்குப் படகில் மூட்டை இறக்கும் வேலை. ஒருநாள் படகுக்கும் ஜெட்டி எனும் படகுத்துறைக்கும் நடுவே கால் சிக்கி, முழங்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூலியாட்களுக்குத் தலைவரான "தண்டல்" வந்து பார்த்துவிட்டு, "தீபாவளிக்குள்ள எந்திரிச்சு நடக்கலேன்னா ஊருக்குக் கப்பல் ஏறிக்கண்ணே" என்று சொல்லிப் போனார். தமிழ்நாட்டிலிருந்த அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. என் பள்ளியையும் கடைத்தெருவையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை.

பற்றுப் போட அம்மாவுக்குப் பச்சை மஞ்சள் வேண்டியிருந்தது. அது பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியின் கொல்லையில் வளர்ந்தது. அவரை "மக்சிக்", அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். பினாங்குக்கு வந்து பத்து வருஷமாகியும் அம்மாவின் வாயில் மலாய் நுழையவில்லை. மஞ்சளுக்கு "குஞிட்" என்று கேட்க வேண்டியவர், அழுதுகொண்டே "குஞ்சி, குஞ்சி" என்று கையை நீட்டினார். குஞ்சி என்றால் சாவி. மக்சிக் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்; ஒரு வார்த்தை கேட்காமல் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

அம்மா விழித்தார். நான் போய் விளக்கியதும் மக்சிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குஞிட்லா, குஞிட்!" என்றபடியே ஒரு கொத்து மஞ்சளைப் பிடுங்கி வந்து, பற்றுப் போட்டால் மட்டும் போதாது, மிளகோடு அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துக் குடிக்கவும் வேண்டும் என்றார். மிளகு எதற்கு என்று நான் கேட்டதற்கு, தங்கள் வீட்டில் அப்படித்தான் என்று தோளைக் குலுக்கினார்.

எனக்கு மனம் ஆறவில்லை; அப்பாவிடம் கேட்டேன். "வாயில ஊத்தின மஞ்சளுக்கு முழங்காலுக்குப் போக வழி எப்படிப்பா தெரியும்?"

"அது உன்னை மாதிரி வழியில நின்னு கேள்வி கேக்காதுலா. நேரா போயிடும்" என்றார் அப்பா, முகத்தைச் சுளித்துக் குடித்துக்கொண்டே.

தீபாவளிக்கு முன்பே அப்பா நொண்டியபடி ஜெட்டிக்கு நடந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் தண்டலைக்கூட மன்னித்துவிட்டேன். குணமாக்கியது மஞ்சளா, மிளகா, படுத்தே கிடந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது மஞ்சள் மாத்திரையாகவே வருகிறது. அதிலுள்ள ஒரு பொருள் வீக்கத்தைத் தணிக்கக்கூடும், அது தனியாக உடம்பில் அதிகம் சேராது, மிளகு கூடினால் சேரும் என்கிறார் என் டாக்டர். வீட்டில் அரைத்துக் குடிக்கும் அளவுக்கே அது நடக்குமா என்றால் அவரும் உதட்டைப் பிதுக்குகிறார். மக்சிக்கின் தோள்குலுக்கலுக்கு எழுபது வருஷம் கழித்துப் பாதி பதில்தான் கிடைத்திருக்கிறது.

அன்று திருப்பிக் கொடுத்த சாவியை மக்சிக் வாங்கவில்லை. நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வீடு மாறும்வரை அது எங்கள் ஆணியிலேயே தொங்கியது. அந்தச் சந்தும் கொல்லையும் போய், நான் இப்போது மாடிக் குடியிருப்பில், இரும்புக் கதவுகளுக்கு நடுவே இருக்கிறேன். பக்கத்து வீட்டில் மஞ்சள் கேட்டால், இங்கே மஞ்சள் மட்டும்தான் கிடைக்கும்.