சாதாரண முடி

என் கணவர் கட்டாரிலிருந்து லீவில் வருவதற்கு இரண்டு கிழமை இருந்தபோது, தலைக்குப் போடும் ரோலர் வாங்கப் புத்தளம் டவுனுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சியிடம், அதாவது கணவரின் தங்கையிடம், தையல் நூல் வாங்கப் போவதாகச் சொன்னேன். தலைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்குப் பிறப்பிலேயே சுருட்டை முடி. அலை அலையாக அழகாக விழுகிற சுருள் இல்லை. விரலில் சுற்றிவிட்ட கம்பி போல இறுக்கமான சுருள். எண்ணெய் வைத்துப் பின்னிக் கட்டினால்தான் அடங்கும். எங்கள் எத்தாளைப் பக்கத்துக் கடல் காற்று பட்டால் அதுவும் அடங்காது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், தலை கழுவத் தண்ணீர் போதாது என்று உம்மா அதை ஒட்ட வெட்டிவிட்டார். திரும்ப வளர்ந்தபோது முன்னைவிட இறுக்கமாகச் சுருண்டு வளர்ந்தது. எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

கல்யாணமான புதிதில் ஒரு காலை, நான் தலை சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "இதச் சிக்கெடுக்க ஒரு பகல் போகும் போல" என்றார். அப்போது அவர் பள்ளிவாசல்துறையில் தோணி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். வலை வேலை செய்கிற மனிதர் வலையைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னார். சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் தலை சீவியது குறைவு. போன லீவில், கல்யாண வீட்டுக்குப் போக மச்சி தலையை செட் பண்ணிக்கொண்டு வந்து நின்றபோது, "இப்படிச் செஞ்சா உனக்கும் நல்லாரிக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னார். அதையும் சும்மாதான் சொன்னார்.

இந்த முறை அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. திரும்பவும் போவதா, அல்லது இங்கேயே நின்று பழையபடி கடலுக்குப் போவதா என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது "வந்து யோசிப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு மாதம் இருந்தேன். போகாதீங்க என்று சொல்ல எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தால் "ரேஷன் கார்டப் புதுப்பிக்கணும்" என்றோ "கூரை ஒழுகுது" என்றோதான் வரும். சொல்லத் தெரியாதவளுக்குத் தலையையாவது செட் பண்ணத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

இந்த யோசனை மகளுடையது. அவளுக்கு வாப்பாவின் நேர் முடி. ஒரு நாள் ஃபோனில் ஒரு பெண் ரோலர் போடுவதைக் காட்டினாள்.

"இதப் போட்டா சுருள் நீளும் உம்மா."

"சுருட்டுற சாமானப் போட்டா எப்படி நீளும்? இருக்கிற சுருள் போதாதா?"

"பெரிய ரோலர்ல சுத்தணும். சின்னச் சுருளெல்லாம் இழுபட்டுப் பெரிய வளையமா வரும். பாருங்களன்."

பார்த்தேன். அந்தப் பெண் ரோலர்களைக் கழற்றியபோது முடி தோளில் விழுந்து, திரைச்சீலை அசைவது போல அசைந்தது. அந்த இடத்தை மகளிடம் திரும்பவும் போடச் சொன்னேன்.

கடையில் அலங்காரச் சாமான் பகுதியில் நின்றது ஒரு வாலிபர். மூன்று விதமான ரோலர்களை எடுத்து வைத்தார். ஒன்று பஞ்சு மாதிரி மெத்தென்றது. ஒன்று வழுவழுப்பான பெரிய பிளாஸ்டிக் குழாய், அதற்குத் தனியாகக் கிளிப் இருந்தது. மற்றது, மேலெல்லாம் சின்னச் சின்ன முள் வைத்தது.

"முடி எப்படி ராத்தா? நேரா, சுருளா? அடர்த்தியா, மெல்லிசா?"

சட்டையின் அளவு கேட்பது போலக் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அது தெரியாமல் அவர் எதைக் கொடுப்பார்? ஆனால் என் முடி அபாயாவுக்கும் ஸ்காபுக்கும் உள்ளே இருக்கிறது. அது எப்படியிருக்கும் என்று வெளி ஆண் ஒருவரிடம் வாயால் சொன்னாலும் அவிழ்த்துக் காட்டுவது போலத்தான் எனக்கு. பக்கத்தில் ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது என் பக்கம் இருப்பது போலத் தெரிந்தது.

"சாதாரண முடி" என்றேன்.

"அப்ப இதுதான் லேசு" என்று முள் வைத்ததைத் தள்ளினார். "கிளிப் ஒண்டும் தேவையில்ல. தானாப் புடிச்சிக்கும். கலையாம இருக்க ஜெல் ஒண்டும் வைக்கட்டா? இது நல்லா இறுக்கும்."

தலையாட்டினேன். பெட்டியில் இருந்த படத்தில் ஒரு நேர் முடிக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

என் கணவர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கிணற்றடியில் தலை கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். சவர்க்காரம் நுரைக்காது. முடியும் கழுவக் கழுவச் சொரசொரக்கும். ஈரத்தோடேயே ஜெல்லைத் தாராளமாகப் பூசி, மகள் பிரித்துக் கொடுக்க, ஒவ்வொரு கற்றையாக ரோலரில் சுற்றினேன். கடைக்காரர் சொன்னது போலவே தானாகப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரவு அப்படியே குப்புறப் படுத்து உறங்கினேன்.

விடியற்காலை சுபஹுக்கு எழும்பித் தொட்டுப் பார்த்தால் ஈரம் போகவில்லை. இரவு மின்சாரம் போய் ஃபேன் நின்றிருந்தது. ஜெல் மேலே ஓடு போலக் காய்ந்து, உள்ளே கூழாக இருந்தது. காதுப் பக்கம் ஒன்றைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. முள் ஒவ்வொன்றிலும் ஒரு சுருள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. மகள் வந்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே ஒழிய ரோலர் அசையவில்லை.

"வெட்டுவமா உம்மா?"

"எல்லாத்தையும் வெட்டினா தலையில என்ன மிஞ்சும்?"

அந்த நேரம் பார்த்து வெளியே வேன் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால், வேன் நிறைய ஆட்களோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்த்தான் கூட்டி வருவோம். மனைவி போகாமல் இருந்தால் ஊர் கதைக்கும். தலவில தேவாலயத் திருவிழாவுக்கு பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன, சந்தியில் சனம் கூடும் என்று மச்சியைக் கட்டிய மாப்பிள்ளை நேரத்தோடு வேனை எடுத்து வந்திருந்தார். ஹோனை அடித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் இருந்ததில் பெரிய ஸ்காபை எடுத்து ரோலர்களுக்கு மேலால் கட்டினேன். கண்ணாடியில் பார்க்கவில்லை.

வேனில் பின் சீட்டில் எனக்கும் மகளுக்கும் நடுவில் மச்சி ஏறினாள். பாலாவி வரும்வரை என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு காதுக்குள் சொன்னாள்.

"மச்சி, பலாக்காய் என்னமும் கொண்டு போறீங்களா? எயாப்போட்ல புடிப்பாங்க."

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

"கையை வைக்க வேணாம்" என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

"இது என்ன, முள்ளா? முள்ளு ரோலரா? ஈரத்திலயா போட்டீங்க?" முன்னால் இருந்த மாப்பிள்ளைக்குக் கேட்காமல் இருக்கக் குரலைக் குறைத்தாள். "உங்கட முடிக்கு இது ஆகாதே. என்னட்டக் கேட்டிரிக்கலாமே."

"நூல் வாங்கத்தான் போனேன்."

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நானாக்காகவா?" என்றாள். தன் அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

சிலாபம் தாண்டும்போது, "நானா உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லையா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"ஒண்டுமில்ல. வரட்டும்."

அதற்குப் பிறகும் அவள் என் கையை விடவில்லை. வேனுக்குள் வெக்கை. ஸ்காபுக்குள் ஜெல் இளகி, பிடரியில் வழிந்தது. பள்ளத்தில் வேன் விழுந்து எழும்பும்போதெல்லாம் தலையில் எல்லா இடமும் ஒன்றாக இழுத்தது. என்ன சொல்லவில்லை என்று திரும்பக் கேட்க நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. நீர்கொழும்பு வரைக்கும் அப்படியே இருந்தேன்.

விமான நிலையத்தில் அவர் சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நரை கூடியிருந்தது. ஸலாம் சொன்னார். மகளைக் கட்டிப்பிடித்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார்.

"தலைவலியா?"

"ஓம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சனம். பக்கத்து வீடுகள், அவருடைய பழைய தோணிக் கூட்டாளிகள். குனிந்து தேத்தண்ணி கொடுக்க, நிமிர்ந்து கோப்பை எடுக்க, ஒவ்வொரு தடவையும் இழுத்தது. ஹோலில் அவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், திரும்பப் போறீங்களா, நிக்கிறீங்களா என்று. நான் தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒவ்வொருவருக்கும் அவர், "இப்பதானே வந்திரிக்கேன், தேத்தண்ணியக் குடிங்க" என்றார்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு அடங்கியது. நான் அடுப்படியில் நின்றபோது குசினிக்குள் வந்து என் பின்னால் நின்றார்.

"இன்னும் ஸ்காபக் கழட்டல்லையே. என்ன செஞ்சி வச்சிரிக்காய்?"

கழற்றினேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"வலையில நண்டு மாட்டினாப் போல இரிக்கி" என்றார். "இரி இப்படி."

அவர் பலகையில் இருந்தார். நான் அவருடைய காலடியில் நிலத்தில் இருந்தேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, முதல் ரோலரில் விரலால் பூசினார்.

"இழுக்கப்படாது. இழுத்தா அறும். உள்ளுக்குத் தள்ளித்தான் எடுக்கணும். நண்டுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு காலா."

முதலாவது வந்தது. என் மடியில் போட்டார். இரண்டாவது. அவ்வளவு காலம் வலை தொடாத கை என்று நினைத்தேன், கை மறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் தலையில் இவ்வளவு நேரம் கை வைத்தது இல்லை. எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போது சொல்லலாம், முகம் பார்க்காமலே சொல்லலாம் என்று தோன்றியது.

நான் வாயைத் திறக்க முன் அவர் சொன்னார்.

"கொம்பனியில விசாவப் புதுசா அடிச்சிட்டாங்க."

தலையைத் திருப்பப் பார்த்தேன். ஒரு கற்றை அவர் கையில் இருந்தது.

"அசையாம இரி. நோவும்."

"எப்ப?"

"போன மாசம். ரெண்டு வருஷத்துக்கு."

"வந்து யோசிப்பம் எண்டீங்க."

"யோசிச்சேன் புள்ள. அங்க இருந்து யோசிச்சேன்." விரல்கள் நிற்கவில்லை. "இந்தக் கடல்ல இப்ப என்ன இரிக்கி? மகள்ட கல்யாணம் இரிக்கி. நான் நிண்டு என்ன செய்ய?"

எனக்கு எதிரே அடுப்பும் சுவரும் மட்டும் தெரிந்தன. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னது வசதிக்காகவா, அல்லது அவருக்கும் முகம் பார்த்துச் சொல்ல வராதா என்றும் தெரியாது.

வாசலில் கூட்டாளி ஒருவர் கூப்பிட்டார். "மிச்சத்த நாளைக்கு எடுப்பம்" என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனார். முன் நெற்றியில் இரண்டு மீதம் இருந்தன. நாளை வரை வைத்திருக்க எனக்கு ஏலாமல் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். அப்போதும் வேன் நிறையப் போய்த்தான் விட்டுவிட்டு வந்தோம்.

சில மாதம் கழித்து அதே கடைக்குப் போனேன். அதே வாலிபர். அவர் கேட்க முன், "சுருட்டை முடி. அடர்த்தி" என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அப்ப முள்ளு வேணாம் ராத்தா, சிக்கும்" என்று வழுவழுப்பான பெரியதை எடுத்து வைத்தார். ஜெல் வேண்டாம், தண்ணீர் மாதிரி ஒரு லோஷன் இருக்கிறது, அதைத் தெளித்து, சீப்பால் நன்றாக நீவி, இழுத்துப் பிடித்துச் சுற்றி, உள்வரை காய்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும் என்றார். காய முன் கழற்றினால் பழையபடி சுருண்டுவிடுமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, மகள் வகுப்புக்குப் போன பிறகு போட்டேன். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் தலை கழுவினேன். பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே காய விட்டேன். கழற்றியபோது ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு வந்தது. முடி தோளில் விழுந்தது. வெட்டின இடத்தில் மட்டும் முன்னால் குட்டையாக எழும்பி நின்றது. அலுமாரிக் கண்ணாடியில் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அசைந்தது.

ஃபோன் அடித்தது. வீடியோ கோல். வெள்ளிக்கிழமையில் அவருக்கு லீவு. அந்த நேரம் அவர் அறையில் கூட இருக்கிற ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். ஒருவர் பின்னால் சமைப்பார், ஒருவர் கட்டிலில் படுத்திருப்பார். எப்போதும் அப்படித்தான்.

ஸ்காபை எடுத்து, காதோரம் ஒரு முடியும் தெரியாமல் கட்டிக்கொண்டு ஃபோனை எடுத்தேன்.

"என்ன செய்றாய்?" என்றார்.

"சும்மா இரிக்கேன்" என்றேன்.