யெஸ்டினுக்குக் கிடைத்த நாய்

எங்கள் கடலோர ஊரான போர்த்மெரனில் எலூனெட் புரோஸரைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் மீன் சாப்பிடாதவராகத்தான் இருக்க வேண்டும். துறைமுகத் தெரு முனையில் இருந்த மீன் வறுவல் கடை அவளுடையது. சின்ன வயதில் அங்கே உருளைக்கிழங்கு உரிக்கும் வேலைக்கு வந்தாள், முதலாளியின் மகனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஸ்வான்ஸீயில் வேறொருத்தியோடு குடித்தனம் போனபிறகு எண்ணெய்ச் சட்டியும் கைக்குழந்தையும் அவளுக்கு மிஞ்சின. வாய்த் துடுக்கு அதிகம். வினிகர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னால், "ஏன், குளிக்கப் போறியா?" என்பாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அதற்குக் காரணம் அவள் மகன் யெஸ்டின்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரின்ஹாவட்டை எங்கள் ஊர் ரக்பியில் ஜெயித்த ஒரு சனிக்கிழமை அவன் செத்துப்போனான். மீசை சரியாக முளைக்காத வயது. கிளப்பில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, துறைமுகச் சுவரில் ஏறி நின்று கடலைப் பார்த்து ஒன்றுக்குப் போனவன் நிலைதடுமாறி விழுந்தான். கடல் உள்வாங்கியிருந்த நேரம், கீழே வெறும் பாறை. காலையில் தூக்கியபோது பேண்ட் பொத்தான் திறந்தபடியே இருந்தது. ஊர் ஒரு வாரம் அழுதது. அப்புறம் அந்தப் பொத்தான்தான் அதன் ஞாபகத்தில் நின்றது.

குடித்தவன் எவன் தள்ளாடினாலும், "டேய், யெஸ்டின் பண்ணிடாதடா!" என்று கூட்டாளிகள் கத்துவார்கள். கடையில் வரிசையில் நிற்கும்போதும் கத்துவார்கள். அவளைப் பார்த்ததும் சிலர் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், பலர் அதுகூடச் செய்யமாட்டார்கள். பெற்றவள் எதிரில் நின்று வறுத்துப் போடுவாள், இவர்கள் அவள் பிள்ளையின் சாவைச் சொல்லிச் சிரித்தபடி வாங்கித் தின்பார்கள். எங்கள் ஊர் ஜனங்கள் நல்லவர்கள் என்று சொல்ல ஆசைதான். வாய் வரவில்லை.

இந்த ஊருக்குத்தான் நகரமாகும் ஆசை வந்தது. லண்டன் அரண்மனையில் பெரிய விழா வரும்போது சில ஊர்களுக்கு நகரப் பட்டம் கொடுப்பார்கள். பெரிய தேவாலயம் இருந்தால்தான் நகரம் என்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது விண்ணப்பம் போட்டு, நாங்கள் எந்த விதத்தில் உசத்தி என்று சொல்ல வேண்டும். போன தடவை போட்டபோது காரணம்கூடச் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள். பிரின்ஹாவட்டையும் தள்ளினார்கள் என்பது ஒன்றே ஆறுதல். பட்டம் வந்தால் வரி குறையாது, ஆஸ்பத்திரி முளைக்காது, மழை நிற்காது. இருந்தாலும் கவுன்சில் தலைவர் கார்வின் பவல் அதற்காகத் தூக்கம் கெட்டுத் திரிந்தார்.

ஒரு மத்தியானம், கடை சாத்தும் நேரம் பார்த்து அவர் வந்தார்.

"எலூனெட் கண்ணு, நம்ம ஊர்ல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

"மழை இருக்கு. நீங்க இருக்கீங்க."

"வெளையாடாத. கோட்டை இல்ல, காலேஜ் இல்ல. சாமி கும்பிட்ட சாப்பல்ல ஐட்வல் கார்ப்பெட் விக்கிறான். லண்டன்காரன் பாத்ததும் கண்ணு கலங்கணும், அப்படி ஒரு கதை வேணும்." குரலைத் தணித்தார். "நம்ம யெஸ்டின் அன்னிக்கு ஒரு நாயக் காப்பாத்தத்தான் குதிச்சான்."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எந்த நாய்?"

"ஏதோ ஒரு நாய். வெளியூர்க்காரங்க கூட்டிட்டு வந்தது, அலையில மாட்டிக்கிச்சு. புள்ளயக் காப்பாத்தினான்னு சொன்னா எந்தப் புள்ள, யார் வீட்டுப் புள்ளன்னு நோண்டுவாங்க. நாய்னா ஒருத்தனும் கேக்கமாட்டான், அழுதுட்டுப் போயிடுவான்."

"ஊருக்கே தெரியும் கார்வின், அவன் எப்படிச் செத்தான்னு."

"ஊரு பேசாது. அதுக்கு நான் பொறுப்பு."

எலூனெட் ஈரத்துணியால் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, "இனிமே எவனும் அந்த வார்த்தைய சொல்லக்கூடாது. எவனும்" என்றாள்.

"சொல்றவன் பல்லு இருக்காது. சுவர்ல பித்தளைத் தகடே அடிச்சுடலாம், அவன் பேரு போட்டு."

விண்ணப்பத்தோடு அனுப்ப ஒரு படம் எடுத்தார்கள். சுவருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, நாய் கதையைச் சொல்ல வைத்தார்கள். முதலில் திக்கினாள், அப்புறம் சரளமாக வந்தது. அந்த நாய்க்கு ஒரு காது வெள்ளை என்று அவளாகவே சேர்த்துச் சொன்னாள். படம் பிடித்தவன் மூக்கை உறிஞ்சினான். கார்வின் கைக்குட்டையை எடுத்தார்.

அவர் சொன்னபடியே தகடு வந்தது: "யெஸ்டின் புரோஸர். ஓர் உயிருக்காகத் தன்னுயிர் தந்தவன்." அந்த வார்த்தையும் நின்றுபோனது. கிளப்பில் ஒருவன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தபோது பக்கத்தில் இருந்தவன் தலையில் தட்டினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரடியில் பூ வைத்துவிட்டுப் போனார்கள், யாரோ நாய் பிஸ்கெட்டும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எலூனெட் வினிகரும் உப்பும் கொண்டுபோய்த் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். சனிக்கிழமை சாயங்காலமும் அவள் வாய் திறந்தது. வெள்ளைக் காது நாய் பாறை மேல் ஏறி உடம்பை உதறுவதைக் கனவில் பார்த்ததாகக்கூட ஒருத்தியிடம் சொன்னாள். பாவி மகள், நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

பட்டம் கிடைத்தது. பேண்டு வாத்தியமும் பட்டாசுமாக ஊரே தெருவில் நின்றது. நடுத்தெருவில் கார்வின் அவளைக் கட்டிப்பிடித்து, "உன் பையன் வாங்கிக் குடுத்தான்டி நமக்கு!" என்று கத்தினார். பிரின்ஹாவட்டுக்கு இந்தத் தடவையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதில் பாதிச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மாதம் முழுக்க நீடிக்கவில்லை. புதிய நகரத்தைப் பற்றி எழுத லண்டன் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். எலூனெட் கடையிலேயே மீன் வாங்கித் தின்றுகொண்டு, நாயின் சொந்தக்காரர் யார் என்று கேட்டாள். கேட்கமாட்டார்கள் என்று கார்வின் சொன்ன கேள்வி. அப்புறம் அவள் மரண விசாரணையின் தீர்ப்பைத் தேடிப் படித்து, நாயும் இல்லை வீரனும் இல்லை என்று தலைப்புப் போட்டாள். குடியும் பொத்தானும் நாடு முழுக்கப் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் பிரின்ஹாவட் கூட்டம் முழுக்க எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது.

கொடுத்த பட்டத்தை இதற்காகப் பிடுங்குவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு உதறல் எடுத்துவிட்டது. கவுன்சில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் கார்வின் மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை "கண்ணு" என்று கூப்பிடவில்லை.

"நீதான் எங்கள ஏமாத்தினன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடு. பத்திரிகைக்காரங்க எழுதிட்டுப் போயிடுவாங்க, ஊரு தப்பிச்சிடும்."

"நானா ஏமாத்தினேன்?"

"நீதான பேசின? படத்துல நான் பேசினனா?"

சூடான எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "தகடு?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்த உயிர் குடுத்த வரிய எடுத்துட்டு, வெறும் பேரோட விட்டுடறோம். நான் வார்த்தை தவறமாட்டேன், உனக்கே தெரியும்."

மறுநாள் சாயங்காலம் மண்டபத்தில் உட்கார இடமில்லை. கார்வின் எழுந்து, "பெத்த தாயோட கண்ணீர நம்பினோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. கார்ப்பெட் கடை ஐட்வல், பத்திரிகைக்காரர்கள் காதில் விழும்படி, "எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான். கிளப்பில் அந்த வார்த்தையை அதிகம் கத்தியவன் அவன். இல்லை, பொய் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு நாதி இல்லை.

எலூனெட் எழுந்தாள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரு வார்த்தையில் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் தகடு போய்விடும். மகன் செத்த விதத்தை அவள் அதுவரை தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, பாதிரியாரிடம்கூட.

"நாய் எதுவும் இல்ல" என்றாள். "என் பையன் குடிச்சிருந்தான். சுவர் மேல ஏறி ஒண்ணுக்குப் போனான், விழுந்து செத்தான். நான்தான் பொய் சொல்லி ஊர ஏமாத்தினேன். மன்னிச்சிடுங்க."

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அதை மூடி மறைக்க இன்னொருவன் கை தட்டினான். உடனே எல்லாரும் தட்டினார்கள். ஊர் தப்பிவிட்டது. அவள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். கார்வின் பக்கம் திரும்பி, "தகடு?" என்றாள். "அது அப்புறம் பேசலாம், உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயமான கார் நிறுத்தும் கட்டணத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது நல்ல மழை. ஐட்வல் ஓடிவந்து குடை பிடித்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள் அவன், அதுதான் அவனிடம் பொறுக்க முடியாத குணம். "நல்லா தைரியமா பேசினீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தான். துறைமுகச் சுவருக்கு வந்ததும் எலூனெட் நின்றுவிட்டாள்.

தகடு இருந்த இடத்தில் புது நீலப் பலகை இருந்தது. போர்த்மெரன் நகரம் உங்களை வரவேற்கிறது.

"இது எப்ப மாட்டினாங்க?"

"காலையிலயேக்கா. நீங்க பாக்கலயா? நான்தான் ஏணி பிடிச்சேன். பழைய துளையிலயே சரியா உக்காந்துச்சு, புதுசா துளை போடற வேலையே இல்ல."

"காலையிலயா?"

"ஆமா, பத்து மணி இருக்கும். கார்வின் கூடவே நின்னு, நேரா இருக்கான்னு பாத்துப் பாத்து மாட்டச் சொன்னாரு."

காலையிலேயே கழற்றிவிட்ட தகட்டுக்காகச் சாயங்காலம் அவள் தன் பிள்ளையின் மானத்தைத் தன் வாயாலேயே ஊர் நடுவில் கொட்டியிருக்கிறாள். அதை இனி யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? ஐட்வல் குடையைச் சற்றுச் சாய்த்து, தலையை ஒருபக்கம் வைத்துப் பலகையைப் பார்த்தான்.

"நல்லா இருக்குல்லக்கா?"

"நல்லா இருக்கு" என்றாள் எலூனெட்.