டொக் என்ற கார்

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் வெள்ளைக் கோப்பைக்குப் பிடி உண்டு, பூ உண்டு, பளபளப்பு உண்டு. டீ ஊற்ற மட்டும் கூடாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். விருத்தாசலத்தில் நான் ஆபீஸ் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தரம் பிரித்த அக்கா கொடுத்தது. இடுப்பில் செருகிய ஸ்பூனால் ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டுவார். டிங் என்றால் நல்லது. டொக் என்றால் தனியே போகும். வாய் மருமகள் கதை பேசிக்கொண்டிருக்கும், கை தட்டும், காது பிரிக்கும்.

எனக்கு நாற்பத்தாறு வயதில் ரேஸ் கார் ஆசை வந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, பழைய வண்டி. வேப்பூர் நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டல் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவதாகப் புரோக்கர் சொன்னார். மாடி கட்ட வைத்திருந்த பணம் அக்குளில் மஞ்சள் பையாக வியர்த்தது. "கார் பார்க்கப் போறேன்" என்று மட்டும் மனைவியிடம் சொல்லியிருந்தேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டே சீட்டு என்ற சிறு விவரம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. தனியே போகப் பயம். நண்பர்களை அழைத்தால் சிரிப்பார்கள். கார் பற்றி ஒன்றும் தெரியாத அக்கா கேலி செய்ய மாட்டார் என்று நினைத்து அவரைக் கூட்டிப்போனேன். தப்புக்கணக்கு. "இதுல உக்காருவீங்களா, படுப்பீங்களா சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

புரோக்கர் எஞ்சினை முடுக்கினார். அது உறுமியதும் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பினார்கள். அவர்களில் யாராவது வாங்கிவிடுவார்களோ என்று பதறிப் பையை நீட்டப் போனேன். பின்னால் டிங், டிங் என்று கேட்டது. அக்கா ஸ்பூனோடு வண்டியைச் சுற்றிவந்துகொண்டிருந்தார்.

"யம்மா, பெயிண்டு போயிடும்!" என்று புரோக்கர் ஓடினார். பின்சக்கரத்துக்கு மேலே டொக்.

"அந்த எடத்துல பெயிண்டு கொஞ்சம் தடிம்மா."

"ஏம்பா, பவுடர் பூசுனா கன்னத்துல சத்தம் மாறுமா?"

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். அடிச்சட்டத்தில் விரல் தடிமனுக்கு வெல்டிங் தழும்பு. மேலே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். "லேசா இடிச்சிச்சிங்க" என்றார் புரோக்கர். உடனே விலையையும் இறக்கினார். வெட்கமில்லாமல் என் கை மறுபடி பைக்குப் போனது. அக்கா முந்தானையில் ஸ்பூனைத் துடைத்தார். "விரிசல் வுட்டதுல பேனா போட்டு வைக்கலாங்க சார். கொதிக்கக் கொதிக்க டீ ஊத்தக் கூடாது. நீங்க இத நிறுத்தி வைக்கவா வாங்குறீங்க?"

இல்லை. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கத்தான். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஊர் சேருகிற வரை புலம்பினேன், அவர் தூங்கிவிட்டார். மறுநாள் என் ஆபீஸ் மேசையில் இந்தக் கோப்பை இருந்தது.

மாடி எழும்பிவிட்டது. அக்கா இப்போது பெண்ணாடத்தில் மகளோடு இருக்கிறார். நான் அதே மாடியில் உட்கார்ந்து போனில் பழைய கார் விளம்பரங்களை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறேன்; ஆசைக்கு ஓய்வு வயது கிடையாதாம். நேற்று ஒரு மஞ்சள் வண்டி. விற்பவரை வீடியோவில் அழைத்து, "ஒரு ஸ்பூன் இருக்குதுங்களா? பின்பக்கம் தட்டுங்க" என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டியபடி ஸ்பூன் தேடப் போனார். அந்த இடைவெளியில் பேனாக்களை எடுத்துவிட்டுக் கோப்பையை ஒரு தட்டுத் தட்டினேன்.

டொக்.

காது தயார். மனசைத்தான் கேட்கவைக்க வேண்டும்.