மிளகோடு காய்ந்த நான்கு பேட்டரிகள்

வெயிலில் சூடேறிய பேட்டரிக்கு ஒரு வாசனை உண்டு. எனக்கு அது மிளகு வாசனையோடு சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறது...

எங்கள் களத்தில் மிளகு காயும் பாயின் ஓரத்திலேயே டேப் ரெக்கார்டரின் நான்கு பேட்டரிகளையும் வரிசையாகப் படுக்க வைத்திருப்பேன். செத்த பேட்டரிக்கு வெயில் காட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் பிழைக்கும். அன்றைக்குக் கொல்லிமலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம் அது.

2001. மலை மேலே வாழவந்தி நாடு என்ற பகுதியில் எங்கள் ஊர். எனக்கு இருபது வயது. சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் பைத்தியம் முற்றியிருந்த நேரம்.

மிளகு முடிந்ததும் பக்கத்து வீட்டு ராணியோடு என்னையும் கீழே நூல் மில்லுக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. எனக்கு மில் வேண்டாம். பாட்டுத்தான் வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நம்மூரு பஸ்ஸுல உம்பாட்டு ஓடட்டும் கண்ணு. அப்பறம் மில்லப் பத்திப் பேசிக்கலாம்."

கிண்டல்தான். ஆனால் மலையில் எந்தப் பாட்டு ஓடும், எது ஓடாது என்று முடிவு செய்தது அந்த பஸ்தான். நான் அந்தக் கிண்டலை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் காற்றில் மரம் விழுந்து கரண்ட் இல்லை. பேட்டரியில்தான் பதிவு செய்தோம். நான் குண்டாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாடினேன். ராணி பவுடர் டப்பாவில் ஒரு பிடி மிளகைப் போட்டுக் குலுக்கினாள். அதுதான் எங்கள் மொத்த வாத்தியக் குழு.

'மொளகுக்கொடி ஏறுது மரத்து மேல...
எம்மனசு எறங்குது மலைக்குக் கீழ...'

இப்படி நான்கு பாட்டு. போட்டுக் கேட்டோம். நன்றாகவே இருந்தது. ராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக்குப் போனோம். அங்கே யூசுப் பாய் கேசட் கடை வைத்திருந்தார். பஸ்ஸுக்கெல்லாம் பாட்டுப் பதிந்து கொடுப்பது அவர்தான். எங்கள் பஸ் டிரைவர் பழனிசாமி அண்ணனும் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

பாய் கேசட்டைப் போட்டார்.

கீச்சுக்குரல். குண்டா படபடவென்று ஓடுகிறது. மிளகு டப்பா மூச்சு வாங்குகிறது...

"ஏனுங்க பாய், இது பால்வாடிக் கொழந்தை பாடுனதுங்களா?" என்றார் டிரைவர். கடையே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. "வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்று ராணி கையைப் பிடித்து இழுத்தாள். போயிருந்தால் நேராக மில்தான்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, பேட்டரி புதுசா?"

"இல்லீங்க... வெயில்ல வெச்சதுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேட்டரி சோர்ந்திருந்தால் பதியும்போது டேப் மெதுவாக ஓடுமாம். அதையே நல்ல செட்டில் போட்டால் தலைதெறிக்க ஓடுமாம். எங்கள் வீட்டு ரெக்கார்டரும் அதே சோம்பலில் ஓடியதால் எங்களுக்குத் தெரியவில்லை. வெயில் வைத்தியம் எங்கள் குரலையே மாற்றிவிட்டிருந்தது.

பாய் செட்டைத் திறந்தார். மோட்டாருக்குப் பின்னால் ஒரு குட்டித் திருகாணி. மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்க நெசக் கொரலு எதுன்னு எனக்கெப்படித் தெரியும்? கூடவே பாடுங்க. அதுக்குச் சரியா நான் திருப்பறேன்."

சிரித்த அத்தனை பேரும் அங்கேயேதான் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்...

முதலில் நான் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம். பாய் திருகத் திருக அந்தக் கீச்சுக்குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. 'மலைக்குக் கீழ' என்ற இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. எது டேப், எது நான் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டிரைவரின் டீ ஆடை கட்டியிருந்தது.

பேட்டரி போகப் போக இறங்கியிருந்ததால் ஒவ்வொரு பாட்டுக்கும் திருகாணியை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. நான்கையும் பாடி முடித்தேன். பாய் புதுக் கேசட்டில் பதிந்து எடுத்ததும் டிரைவர் கை நீட்டினார்.

"எனக்கொண்ணு குடுங்க பாய். பால்வாடின்னு சொன்னதுக்கு வண்டியிலயே போட்டுடறேன்."

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்குப் போய்த் திரும்பிய அப்பா களத்தில் வந்து நின்றார். வளைவுகளில் எதிர் வண்டி ஹாரன் கேட்க வேண்டும் என்று எங்கள் பஸ்ஸில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். கடைசி வளைவு தாண்டியதும்தான் போடுவார்கள். அன்றைக்கு அங்கே ஓடியது என் பாட்டு. முடிந்ததும் பின்சீட்டிலிருந்து யாரோ இன்னொரு தடவை போடச் சொன்னார்களாம்.

"எம்புள்ளைதான்னு கண்டக்டர்கிட்டச் சொன்னேன். நம்ப மாட்டேங்கறான்" என்றார் அப்பா. மில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையில் கைவிட்டுக் காகிதம் பிரிக்காத நான்கு புது பேட்டரிகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனி வெயில்ல காயப்போடாத சாமி."

சந்தோஷத்தில் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை. எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்காமல் நானே எழுதி, நானே பாடி, நானே வெளியிட்ட ஆல்பங்கள். மில்லுக்குப் போன ராணி, கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியவள், இன்றைக்கும் என் பாட்டுகளுக்கு டப்பா குலுக்குகிறாள். "இது எந்த சாஃப்ட்வேர் சவுண்டு மேடம்?" என்று ஸ்டுடியோ தம்பி கேட்டான். மூடியைத் திறந்து காட்டினோம்.

இப்போது போனில் ஒரு தட்டு தட்டினால் பாட்டு உலகம் முழுக்கப் போய்விடுகிறது. கீச்சென்று போனால் நிறுத்தித் திருகாணி திருப்ப அங்கே பாய் இல்லை...

அதனால் ஒவ்வொரு புதுப் பாட்டையும் வெளியே விடும் முன் ஸ்பீக்கரில் போட்டு, எழுந்து நின்று, கண்ணை மூடிக் கூடவே பாடுவேன். இரண்டு குரலும் ஒட்டிக்கொள்ளும் அந்த இடம் வர வேண்டும். வந்தால்தான் அனுப்புவேன்.

இன்று காலையும் ஒன்று அனுப்பினேன்.