சோளக்காட்டில் எண்பத்து நான்கு மீட்டர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதைத்தான். அதைப் பிறகு சொல்கிறேன். மெஷினை நம்பி நான் சொன்ன ஒரு தவறான தகவலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு நாளிதழின் புகைப்படப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நெகட்டிவ்களுக்கு எண் போடுவதும், படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சரிபார்த்து எழுதுவதும் என் வேலை. ஓய்வு பெற்ற பின் விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய வி.சி.ஆர்., ஒரு கம்ப்யூட்டர், இரண்டையும் இணைக்கும் கேப்சர் கார்டு ஆகியவற்றை வைத்து, வீட்டு விசேஷ வீடியோ கேசட்டுகளை ஃபைலாக மாற்றித் தர ஆரம்பித்தேன். ஆபீஸ் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. யார் கொண்டுவந்தது, என்ன விசேஷம், பூஞ்சை இருந்ததா, எத்தனை நிமிஷம், எந்த நிமிஷத்தில் என்ன என்று எழுதி வைப்பேன்.

1. பச்சைச் சேலை

செல்வராணி நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. சொந்த ஊர் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். அவர் கொண்டுவந்தது அவருடைய காதுகுத்துக் கேசட். அப்போது அவருக்கு ஒரு வயது. அடுத்த வருஷமே அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் புகைப்படங்கள் நான்கு இருக்கின்றன. நடமாடுகிற அம்மா இந்தக் கேசட்டில் மட்டும்தான். வீட்டிலிருந்த வி.சி.ஆர். ஓடி வருஷக்கணக்காகிவிட்டது.

"அம்மா பேசுற மாதிரி ஒரு எடம் வரும்க்கா. ஆனா பாட்டுதேன் கேக்கும். அந்தப் பாட்டை எடுத்துட்டு, அம்மா பேச்சைக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்து விசேஷ வீடியோ பார்த்தவர்களுக்கு இது தெரியும். அண்டா உருட்டும் சத்தம், மைக் செட் இரைச்சல், பந்தலில் நடக்கும் சண்டை எதுவும் கேட்கக்கூடாது என்று வீடியோக்காரர்கள் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு ஏற்றித்தான் கேசட்டைக் கொடுப்பார்கள். பாட்டு இல்லாவிட்டால் வீட்டார்தான் குறை சொல்வார்கள்.

ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி ஏழு நிமிஷம் இருபதாவது வினாடியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் முதலில் வேறு பக்கம் பார்த்து, பிறகு கேமராவைப் பார்த்துப் பதினொரு வினாடி பேசுகிறார். கேட்பது ஒரு டூயட் பாட்டு. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பாட்டு ஏற்றும்போதே பேச்சு அழிந்திருக்கும், டேப்பில் இல்லை என்று செல்வராணியிடம் சொன்னேன். "இல்லவே இல்லையாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன். பென் டிரைவைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: இனிமேல் கேசட் தேவையில்லை, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

2. பாட்டை முழுங்கிய மெஷின்

ஏழெட்டு மாதம் கழித்து என் வி.சி.ஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துபோனது. மெக்கானிக் பால்ராஜ் ஒரு பழைய ஸ்டீரியோ டெக்கைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். வாடகைக்கு டெக் எடுத்துப் படம் பார்த்த காலத்திலிருந்து இதே வேலையில் இருப்பவர் அவர்.

புது டெக்கில் முதலில் போட்டது ஒரு சர்ச் கல்யாணம். கேசட் முழுக்கப் பாட்டுதான் என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு பாட்டும் கேட்கவில்லை. நாற்காலி இழுக்கும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ இருமுவது, ஃபாதர் தொண்டையைச் செருமுவது எல்லாம் கேட்டன. மெஷின் பாட்டை முழுங்குகிறது என்று பால்ராஜைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு பட்டனை அழுத்தினார், பாட்டு வந்தது. மறுபடி அழுத்தினார், பேச்சு வந்தது.

"கோளாறு இல்லக்கா. பாட்டு டேப்போட ஓரத்துல இருக்கு. பேச்சு படத்துக்கு அடியில இருக்கு. ஒங்க பழைய டெக்கு ஓரத்தை மட்டுந்தேன் படிக்கும், அதுக்கு அம்புட்டுத்தேன் தெரியும்" என்றார்.

எல்லா கேசட்டிலும் இப்படி இருக்காது என்றும் சொன்னார். எடுத்த கேமரா, படத்துக்கு அடியிலும் ஒலியைப் பதியும் ஹை-ஃபை வகையாக இருந்திருக்க வேண்டும். கேமராவில் ஓடிய அதே கேசட்டில் பாட்டை ஏற்றியிருக்க வேண்டும். பூச்சட்டம், இதயம், பறந்துவரும் எழுத்து இதெல்லாம் இருந்தால் அது மிக்ஸிங் செய்த காப்பி, அதில் பேச்சு இருக்காது.

அவர் போனதும் செல்வராணியின் ஃபைலைத் திறந்தேன். பூச்சட்டம் இல்லை, இதயம் இல்லை. தலைப்பு எழுத்துகூட இல்லை.

பத்திரிகையில் சரிபார்க்காமல் ஒரு பெயரை எழுதினால் மறுநாள் திருத்தம் போடவேண்டும். அவருக்கு ஃபோன் செய்து நான் சொன்னது தவறு, பேச்சு இருக்க வாய்ப்பிருக்கிறது, கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். நான் தேவையில்லை என்றதும் கேசட்டை ஊருக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் முருகேசனிடம் இருக்குமாம். கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"அக்கா, கேசட்டு சோளக்காட்டுல கெடக்காம். குருவி வெரட்டக் கட்டிருச்சாம் எங்கண்ணன்."

3. மூன்று வரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் திருமங்கலம் பஸ் ஏறினோம். அங்கிருந்து ஆட்டோ. கரிசல் காட்டில் சோளம் கதிர் பிடித்து நின்றது. கதிருக்கு மேலே குச்சிக்குக் குச்சி டேப்பை முறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார் முருகேசன். காற்று அடித்தால் அது 'ர்ர்ர்' என்று இரையும். அந்தச் சத்தத்துக்குக் குருவி இறங்காது. அந்தப் பக்கம் பல காடுகளில் இதைப் பார்க்கலாம். யார் வீட்டுக் கல்யாணம் எந்தக் காட்டில் இரைகிறது என்று யாரும் கேட்பதில்லை.

முருகேசன் நாற்பது வயதுக்காரர். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒன் காதுகுத்துக்குக் குருவியும் வந்துட்டுப் போகட்டுமேன்னுதேன்..." என்று தங்கையிடம் சிரித்துப் பேச ஆரம்பித்தார்.

"ஊருல இருக்க குருவி அம்புட்டும் எங்கம்மா பேச்சைக் கேட்டிருச்சு. நான் மட்டுந்தேன் கேக்கல" என்றார் செல்வராணி.

முருகேசனின் சிரிப்பு நின்றது. "அக்காதான தேவையில்லன்னு சொன்னாக" என்று மெதுவாகச் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

மிச்ச டேப் எங்கே என்று கேட்டேன். அடுத்த வெள்ளாமைக்கு ஆகும் என்று கேசட்டை யூரியாச் சாக்கில் சுற்றி மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டியிருந்தார். கூடு உடையவில்லை. அறுத்த முனை வெளியே தொங்கியது.

கேசட் டேப் ஒரு நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் ஓடும். முழுக்கப் பின்னால் சுற்றித்தான் கேசட்டைத் திருப்பிக் கொடுப்பேன் என்பதால், விசேஷத்தின் ஆரம்பத்திலிருந்துதான் காட்டுக்குப் போயிருக்கும். எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று தெரிந்தால் எந்த நிமிஷம் வரை போயிற்று என்று தெரிந்துவிடும்.

காட்டின் அகலம் என்ன என்று கேட்டேன். சொட்டுநீர்க் குழாய் போடும்போது அளந்ததாக முருகேசன் சொன்னார்: இருபத்தெட்டு மீட்டர். கட்டியது மூன்று வரி. எண்பத்து நான்கு மீட்டர் என்றால் அறுபது நிமிஷம். அம்மா வருவது அறுபத்தேழாவது நிமிஷத்தில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டு இருவருக்கும் காட்டினேன். முருகேசன் மூச்சு விட்டார்.

செல்வராணி நோட்டைப் பார்க்கவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கொய்யாவுல என்ன மின்னுது?"

கிளிக்காக அங்கேயும் கொஞ்சம் சுற்றியிருந்தார். அதை மறந்துவிட்டதாகச் சொன்னார். அவிழ்த்து முழம் போட்டுப் பார்த்தோம். ஐந்து மீட்டர், மூன்றரை நிமிஷம். முடிச்சுக்கும் முறுக்குக்கும் எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அறுத்த முனையிலும் இரண்டு மீட்டர் கசங்கிப்போயிருந்தது, அதை மெஷினில் விட முடியாது. மிஞ்சுவது இரண்டு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கூடவோ குறையவோ. அதற்கு மேல், எடுத்த கேமரா என்ன வகை என்ற கேள்வியும் இருந்தது. இரண்டையும் அவர்களிடம் சொன்னேன்.

"வெளையாட்டுக்குக்கூட நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாகளா?" என்று முருகேசன் தங்கையிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"போன தடவை உறுதியாச் சொன்னாகல்ல, அந்தப் பயம்" என்றார் அவர்.

4. பதினொரு வினாடி

அன்று மத்தியானமே இருவரும் என்னுடன் விளாங்குடிக்கு வந்தார்கள். கசங்கிய பகுதியை வெட்டினேன். வேறொரு கேசட்டின் டேப்பைத் துண்டாக எடுத்து, வெட்டிய முனையோடு சேர்த்து, அதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்பால் பின்பக்கம் ஒட்டி, வேறு கூட்டுக்கு மாற்றினேன். ஒட்டு ஹெட்டில் மாட்டாமல் இருக்க, ஒட்டைத் தாண்டும்வரை கையால் சுற்றிவிட்டுத்தான் டெக்கில் போட்டேன். கேப்சர் ஓடவிட்டுப் பிளேயை அழுத்தினேன்.

முதலில் திரை முழுக்க வெள்ளைப் பொரி. பிறகு பந்தலுக்கு அடியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் படம். பழைய ஃபைலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மணி ஐந்து நிமிஷம் ஐம்பதாவது வினாடி. பாட்டு கேட்கவில்லை. கரண்டி சத்தம் கேட்டது. யாரோ "சாம்பார் எங்கய்யா?" என்றார்கள்.

ஒன்றரை நிமிஷம் ஓடியது. பச்சைச் சேலை வந்தது.

"ஏ முருகேசு, எறங்குடா டிராக்டர விட்டு. விழுந்து தொலச்சா இன்னைக்கு ஒன்னயப் பாக்க எனக்கு நேரமில்ல." பிறகு கேமராவைப் பார்த்து: "எண்ணே, என்னைய எடுக்காதீக. பிள்ளைய எடுங்க. அவளுக்குத்தான விசேசம்."

கேமரா பிள்ளையின் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் கேசட் முடியும்வரை அவர் வரவில்லை.

"அன்னைக்கு அடியும் விழுந்துச்சு" என்று முருகேசன் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்வராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சித்தி குரல் மாதிரியே இருக்கும்னு சொல்லிச் சொல்லி, நானும் சித்தி பேசுறப்பல்லாம் அப்பிடித்தேன் நெனச்சுக்கிருவேன்" என்றார். "இல்லக்கா. சித்திக்குக் கீச்சுக் குரல். இது வேற." பிறகு, "இன்னொருக்கா போடுங்க" என்றார். டேப்பை மறுபடி ஓட்ட நான் துணியவில்லை. கம்ப்யூட்டரில் ஏறியதைப் போட்டேன். எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை.

பழைய டெக்கில் நான் மாற்றிக் கொடுத்தவை, செல்வராணியுடையதைத் தவிர, வீட்டுக்கு ஒன்றாக மொத்தம் நாற்பத்து மூன்று கேசட்டுகள். அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் ஃபோன் செய்தேன். பத்தொன்பது பேரிடம் கேசட் இருந்தது. அவற்றில் ஏழில் பேச்சு இருந்தது. மற்ற இருபத்து நான்கு வீட்டிலும் எறிந்திருந்தார்கள், பெரும்பாலும் நான் சொன்னதால். நடந்ததை அவர்களிடமும் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் பாதியிலேயே ஃபோனை வைத்துவிட்டார்.

ஆகவே, எந்த மெஷின் என்று கேட்பவர்களுக்கு: டேப்பின் ஓரத்திலும் படத்துக்கு அடியிலும் இருக்கும் இரண்டு ஒலித்தடத்தையும் படிக்கும் டெக்காக வாங்குங்கள், இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்த பிறகும் கேசட்டை எறியச் சொல்லாதீர்கள், அது நம்முடையது இல்லை. நான் இப்போது நோட்டில் 'இல்லை' என்று எழுதுவதில்லை. 'இந்த மெஷினில் கேட்கவில்லை' என்று எழுதித் தேதி போடுகிறேன்.

அறுப்பு முடிந்ததும் முருகேசன் அந்த மூன்று வரியையும் அவிழ்த்து, சோளத்தட்டையில் சுற்றி, அதே யூரியாச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். வெயிலில் வெளுத்து, முறுக்கேறி, இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இதைப் படிக்க என்னிடம் இருக்கும் டெக்கால் முடியாது என்றேன்.

"ஒங்க டெக்குக்குத்தான முடியாது? வச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கு பீரோவுக்கு மேல் இருக்கிறது. நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன்.