மிசஸ் டார்டன் என்று கூப்பிடாதீர்கள்

லூவீனியாவை யாராவது ‘மிசஸ் டார்டன்’ என்று கூப்பிட்டால் காது கேளாதவள் மாதிரி நிற்பாள். சட்டம் மாறி, ஜார்ஜியாவின் வெள்ளைக்காரக் கடைக்காரர்களும் கறுப்பர்களான எங்களை மிசஸ் போட்டு அழைக்கத் தொடங்கியபோது, நாங்களெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே வேலையில்லாமல் கடைக்குப் போய்வந்தோம். அவள் மட்டும், “லூவீனியான்னு கூப்பிடுங்க, போதும்” என்பாள். தேவாலயத்துப் பெண்களுக்கு அது திமிராகப் பட்டது. “இதுக்காக நம்ம பிள்ளைங்க ஜெயிலுக்குப் போயி அடி வாங்கினாங்க. மகாராணிக்கு மட்டும் வேணாமாம்” என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனிமேல் சொன்னால் குற்றமில்லை.

மர ஆலைக் குடியிருப்பில் அவள் எனக்குப் பக்கத்து வீடு. வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வாங்கி வந்து இஸ்திரி போடுவாள். கணவன் லெமுவேல் ஆலையில் மரம் அறுத்தான். அந்த நாளில் வெள்ளைக்காரர் வாயில் எங்களுக்குப் பாதிப் பெயர்தான். இளமையில் ‘ஏ பொண்ணே’, தலை நரைத்தால் ‘ஆன்ட்டி’. பால் பல் விழாத அவர்கள் பிள்ளைகூட என் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். மிசஸ் என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொல்.

வெளியே கிடைக்காததை லெமுவேல் வீட்டுக்குள் அவளுக்குக் கொடுத்தான். “மிசஸ் டார்டன், இன்னிக்கு என்ன விருந்துங்க?” என்று அவன் கேட்பது எங்கள் சமையலறை வரை கேட்கும். கீரையும் சோள ரொட்டியும்தான் இருக்கும். “மிசஸ் டார்டன், தயவுசெஞ்சு கொஞ்சம் முதுகு சொறிஞ்சு விடறீங்களா?”

“போய்யா, பெரிய கவர்னர்!” என்பாள் அவள். ஆனால் ஒரு நாள் அவன் அப்படிக் கூப்பிட மறந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

லெமுவேலின் நிறத்தையும் சொல்ல வேண்டும். அவன் அம்மாவைப் பெற்றவள் டார்டன் துரையின் பருத்தித் தோட்டத்தில் அடிமை. துரை அவளை விட்டுவைக்கவில்லை. அவளுக்குப் பிறந்த மகளைத் துரையின் மகன் விட்டுவைக்கவில்லை. அதற்குள் அடிமைத்தனம் ஒழிந்துவிட்டதாக ஊரெல்லாம் மணியடித்தாயிற்று. இப்படியாக லெமுவேலுக்கு அந்த வீட்டு வெளுப்பு வந்தது, சாம்பல் நிறக் கண் வந்தது, பெயரும் வந்தது. நிலம் மட்டும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஞாயிறு ஆராதனைக்கு உடுத்தும் கோட்டைப் போட்டுக்கொண்டு நகரத்துக்கு நடந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி தூக்கி எறிந்துவிட்டுப் போனது. பின்னால் காரில் வந்த ஏதோ ஊர் வியாபாரி, நினைவில்லாமல் கிடந்தவனைப் பார்த்தார். நல்ல கோட்டு, வெளுத்த முகம். எங்கே சேர்ப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. நகரத்து ஆஸ்பத்திரியின் மாடி வார்டில், வெள்ளைக்காரர்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் துணி துவைத்தேன். மாடித் துணிக்கு ஒரு தொட்டி, எங்கள் ஆட்கள் கிடக்கும் கீழ் வார்டுத் துணிக்கு வேறு தொட்டி. கலந்தால் வேலை போய்விடும். கீழ் வார்டு என்றால் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் நாலைந்து கட்டில். டாக்டருக்கு நினைவு வந்தால் இறங்கி வருவார். அன்று துவைத்த போர்வைகளை மேலே கொண்டுபோனபோது கடைசிக் கட்டிலில் லெமுவேலைப் பார்த்தேன். வயிற்றை அறுத்துத் தைத்திருந்தார்கள். கோட்டுக் காலரில் லூவீனியா தைத்து வைத்திருந்த பெயரைப் பார்த்திருக்கிறார்கள். “மிஸ்டர் டார்டன், வலிக்குதா சார்?” என்று ஒரு வெள்ளைக்கார நர்ஸ் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போர்வைகளை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

ஆள் அனுப்பி லூவீனியாவை வரவழைத்தேன். வந்தவள் பின்வாசலில் என்னைத் தள்ளிவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிறுத்தினேன்.

“விடுக்கா! என் புருஷன்!”

“ஆமாடி, உன் புருஷன்தான். நீ போய் நில்லு, உன் மூஞ்சியைப் பார்த்த அடுத்த நிமிஷம் அவனைக் கீழே உருட்டிருவாங்க. பெரிய டாக்டர் கூடவே இருந்து பார்த்துக்கிட்டிருக்காரு. நாலு நாள் தாண்டினா பொழைச்சுக்குவான்னு நர்ஸு சொன்னா. நாலு நாள் நீ அவன் பொண்டாட்டி இல்லை. முடியுமா உன்னால?”

படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, “பார்க்காம இருக்க முடியாதுக்கா” என்றாள்.

மாடி கூட்டித் துடைக்கிறவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். “என் ஊர்க்காரி, நல்லா துடைப்பா” என்று சொல்லி லூவீனியாவின் கையில் துடைப்பத்தையும் வாளியையும் கொடுத்தேன். அந்த ஆஸ்பத்திரி நியாயத்தைப் பாருங்கள். மனைவியாகப் போனால் வாசலோடு சரி, வேலைக்காரியாகப் போனால் கட்டிலுக்கு அடிவரை போகலாம்! நோயாளியையும் அவர் தண்ணீர்க் கோப்பையையும் மட்டும் தொடக்கூடாது.

முதல் நாள் அவனுக்குக் காய்ச்சல். “மிசஸ் டார்டன் வந்தாச்சா?” என்று அரற்றிக்கொண்டே இருந்தான். “வந்துருவாங்க சார்” என்று நர்ஸ் சமாதானம் சொன்னாள். கட்டிலுக்குக் கீழே முழங்காலிட்டு, லூவீனியா தரையைத் தேய்த்தாள்.

மறுநாள் தெளிவாகக் கண் விழித்தான். அவளைப் பார்த்தான். வார்டைச் சுற்றிப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

“ஏ பொண்ணே, மூலையெல்லாம் அப்படியே கிடக்கு. காசு வாங்கலை? நல்லாத் துடை!”

அச்சு அசல் ஆலை முதலாளியின் குரல். வீட்டில் எத்தனை தடவை அப்படிப் பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறான்! “சரிங்க துரை” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அழுக்குத் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். “திருட்டுப் பய அக்கா அவரு! பொழைச்சுக்குவாரு பாரு!” என்றாள். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் வயிறு வீங்கிவிட்டது. டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார், நர்ஸிடம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் போர்வை மாற்ற நின்றேன். லூவீனியா துடைப்பத்தோடு நின்றாள். இந்தத் தடவை அவனிடம் விளையாட்டு இல்லை. நேரே அவளைப் பார்த்து, “மிசஸ் டார்டன், கையைக் கொடுங்க. பயமா இருக்கு” என்றான். கையை நீட்டினான்.

அவள் அசையவில்லை. கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவில் நர்ஸ் நின்றாள். “பாவம், புத்தி தடுமாறுது. உன்னைப் போய்ச் சம்சாரம்னு நினைக்கிறாரு. அந்தப் பக்கம் போ பொண்ணே” என்றாள். லூவீனியா அந்தப் பக்கம் போனாள். நகர்ந்த இடத்திலேயே துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மூச்சு நின்றதும் நர்ஸ் அதை எடுத்து அவன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

அந்த நர்ஸ் கெட்டவள் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. “மூணு நாளா பேரைச் சொல்லிச் சொல்லியே செத்தாரு. எட்டிப் பார்க்கலையே! எப்பேர்ப்பட்ட பொம்பளையோ அந்த மிசஸ் டார்டன்!” என்றாள்.

துடைப்பம் கீழே விழுந்தது.

“நான்தாங்க மிசஸ் டார்டன்” என்றாள் லூவீனியா.

வெள்ளைக்காரர் முன்னால் அவள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். நர்ஸ் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸின் குரலே மாறிப்போனது.

“இவனைக் கீழே கொண்டு போங்க. போர்வையை உருவிடுங்க, அது மாடித் துணி.”

மூன்று நாள் ‘அவர்’ என்றவள், செத்தவனை ‘இவன்’ ஆக்கினாள். போர்வையை உருவச் சொன்னது என்னிடம். உருவினேன். துவைக்கப் போட வேண்டாம், கொளுத்திவிடு என்றார்கள். லூவீனியா தன் மேலங்கியைக் கழற்றி அவனை மூடினாள்; கால் வெளியே தெரிந்தது. பின்படி வழியாக இறக்கி, கரி கொட்டும் இடத்தில் வைத்தோம்.

ஆலையிலிருந்து வண்டி வந்து, மூன்று பேரும் ஊருக்குத் திரும்பினோம். அவள் அழவில்லை. மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, எப்படியும் தூக்கித்தானே வெளியே போட்டாங்க?”

“ஆமாடி.”

“அப்போ கையைக் கொடுத்திருக்கலாம்.”